வலி மாத்திரைப் பழக்கம்

(மயிலாடுதுறைப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு மிகவும் அற்பமானதாகத் தோன்றலாம். "ஊரில் எவ்வளவோ சங்கதி இருக்க, தலைவலிக்கும் உடம்பு வலிக்கும் போடுகிற மாத்திரையைப் பற்றியா ஒரு மணி நேரம் பேசுவது?" என்று முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தோழர்களே நினைக்கக்கூடும். ஆனால் இங்கு வந்திருக்கும் ஆண்கள் தங்கள் சட்டைப் பையிலும், தாய்மார்கள் தங்கள் சுருக்குப் பையிலும் கையை விட்டுப் பார்த்தால், வெற்றிலை பாக்குக்குப் பக்கத்திலேயே ஒரு மாத்திரை அட்டை அகப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்பது அவரவர்களுக்கே தெரியும். கள்ளைப்பற்றியும் சாராயத்தைப்பற்றியும் எல்லா மேடைகளிலும் பேசுகிறார்கள். குடிக்கிறவனை ஊரே பார்க்கிறது. அவன் தள்ளாடுகிறான், பெண்சாதியை அடிக்கிறான், ஆகையால் அது கெட்டதென்று யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே தெரிந்துவிடுகிறது. இந்த மாத்திரைப் பழக்கமோ தள்ளாட வைப்பதில்லை, வாடை வீசுவதில்லை, வீட்டில் சண்டை மூட்டுவதில்லை. போடுகிறவருக்கே இது ஒரு பழக்கம் என்று தெரியாமல் பத்து வருஷம் ஓடிப்போகிறது. அதனாலேயே இதைப்பற்றிப் பேசவேண்டியது அவசியமென்று கருதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மருந்தே கூடாதென்றோ, வலி வந்தால் தாயத்துக் கட்டிக்கொண்டு வேப்பிலை அடித்துக்கொள்ளுங்கள் என்றோ சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொல்லுகிறவர்களை நம்பி வீணாய்ப்போன உயிர்கள் போதும். ஆஸ்பிரின் என்னும் மருந்து 1899-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் அது கோடிக்கணக்கான மக்களின் ஜுரத்தையும் வலியையும் தணித்திருக்கிறது. மனிதன் தன் புத்தியைக்கொண்டு கண்டுபிடித்த பெரிய உபகாரங்களில் அது ஒன்று. நாம் கேட்பதெல்லாம், புத்தியைக்கொண்டு கண்டுபிடித்த வஸ்துவைப் புத்தியைக்கொண்டே உபயோகிக்கவேண்டாமா என்பதுதான்.

இந்தக் காவேரிப் பாசனப் பூமியில் வேலை எப்படி நடக்கிறதென்று உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. ஜூன் மாதம் 12-ந் தேதி வாக்கில் மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் குறுவை நடவு. அதன்பின் சம்பா, தாளடி. இயந்திரம் நடுகிற வயல் பெருகியிருந்தாலும் கையால் நடுகிற வயலும் களை பறிக்கிற வயலும் இன்னும் இருக்கின்றன. காலையில் சேற்றில் இறங்கிக் குனிந்த பெண் பிள்ளை நிமிர்வதற்கு மத்தியானம் ஆகிறது. இடுப்பு, முழங்கால், கழுத்து, மணிக்கட்டு ஆகிய எல்லாம் வலிக்காமல் என்ன செய்யும்? வலி என்பது உடம்பு நம்மிடம் போடுகிற முறையீடு. "இந்த எலும்புக்கும் சதைக்கும் இதற்குமேல் தாங்காது, சற்று நிறுத்து" என்று அது சொல்லுகிறது. நிறுத்தினால் கூலி போய்விடும். ஆகவே முறையீட்டின் வாயை மூட ஒரு மாத்திரை.

குத்தாலத்துப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒரு அம்மாள், நடவு வேலையிலேயே இருபது வருஷத்துக்குமேல் கழித்தவர். ஆரம்பத்தில் வேலை கடினமாயிருந்த அன்று இரவு மட்டும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டார். பிறகு வலி வருமுன்னே காலையில் ஒன்று போட்டுக்கொண்டு வயலில் இறங்கினார். "அய்யா, அதெப் போட்டாத்தான் குனிய முடியுது" என்றார். பிறகு காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கடைசியில் வேலையில்லாத நாளில், வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற அன்றைக்கே, பொழுது விடியும்போதே மண்டை பிளக்க ஆரம்பித்தது. "பாருங்கள், மாத்திரை போடாவிட்டால் தலைவலி வந்துவிடுகிறது, இந்த மாத்திரை இல்லாவிட்டால் என் கதி என்ன?" என்று அந்த மாத்திரைக்கே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

தோழர்களே! இந்த இடத்தில்தான் நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். "நேற்றுப் போட்டேன், வலி நின்றது, இன்று போடவில்லை, வலி வந்தது, ஆகையால் மாத்திரை நல்லது" என்று சொல்லுவது பார்வைக்கு மிகவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வலியை உண்டாக்கினதே அந்த மாத்திரையாயிருந்தால்? கந்துவட்டிக்காரன் காலையில் கடன் கொடுக்கிறான். மாலையில் வட்டிக்கு நெருக்குகிறான். அந்த வட்டியைக் கட்ட அவனே மறுபடியும் கடன் கொடுக்கிறான். வாங்கினவன், "ஆபத்துச் சமயத்தில் உதவுகிற புண்ணியவான்" என்று அவனைக் கும்பிடுகிறான். ஆபத்தை உண்டாக்கினவன் யார் என்று கேட்பதில்லை. இந்த மாத்திரைச் சங்கதியும் அப்படியேதான்.

இது நமது கற்பனையன்று. அதிகமாய் மருந்து போடுவதினாலேயே வரும் தலைவலி என்று ஒரு தனி வியாதியையே உலகத்து வைத்தியர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதற்குக் கணக்கும் இருக்கிறது. தலைவலி வரும் சுபாவமுள்ள ஒருவர், பாரசிட்டமால், ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற தனி மருந்தை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால் இந்த வியாதிக்கு ஆளாகக்கூடும். இரண்டு மூன்று மருந்துகளைக் கலந்து செய்த மாத்திரையானால் 10 நாளே போதும். கலப்பு மாத்திரைகள் பலவற்றில் காப்பியில் இருக்கிற கபீன் என்னும் சரக்கும் சேர்ந்திருக்கிறது. அது வலி மருந்தைச் சற்று வேகமாய் வேலை செய்ய வைக்கும், உடம்பைச் சுறுசுறுப்பாக்கும், ஆனால் வழக்கமாய்ச் சாப்பிட்டவர்களுக்கு அது ஒரு நாள் நின்றால் அதற்காகவே தலை வலிக்கும். ஆகவே, போட்டால் தெளிவு, போடாவிட்டால் வலி என்பதற்கு அந்த மாத்திரையின் மகிமை காரணமல்ல. மூளை அதற்குப் பழகிப்போனதே காரணம்.

சரி, தலைவலி மட்டுந்தானே என்று கேட்பீர்கள். அதோடு நின்றால் நாம் இவ்வளவு தூரம் பேச வேண்டியதில்லை.

நம் உடம்பில் புராஸ்டாகிளாண்டின் என்று ஒரு சரக்கு ஊறுகிறது. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதில் அதற்குப் பங்குண்டு. ஆஸ்பிரின் வகை மருந்துகள் இதை ஊறவிடாமல் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று இங்கிலாந்து தேசத்து ஜான் வேன் என்னும் விஞ்ஞானி 1971-ல் கண்டுபிடித்தார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தச் சரக்கு வலியை மட்டும் உண்டாக்குவதில்லை. வயிற்றின் உட்தோலைப் புளிப்பு அரிக்காமல் காப்பாற்றுவதும் அதுவே. சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தக் குழாயைத் திறந்து வைக்க உதவுவதும் அதுவே. வலிக்காக அதைத் தடுக்கும்போது வயிற்றிலும் சிறுநீரகத்திலும் சேர்த்தே தடுக்கிறோம். அதனால்தான் சிலருக்கு வயிற்றில் புண்ணாகி, மலம் தார்போலக் கறுத்துப் போகிறது. கறுத்த மலம் என்றால் உள்ளே இரத்தம் கசிகிறதென்று அர்த்தமாயிருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியது.

சிறுநீரகத்தின் சங்கதி இன்னும் கவனிக்கத் தக்கது. நல்ல வெயிலில் வேர்வை கொட்டி, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் உடம்பு வறண்டிருக்கும் சமயத்தில் சிறுநீரகம் தன் இரத்த ஓட்டத்திற்கு மேற்படி சரக்கைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. வேறொரு நாளைவிட அன்றுதான் அது அதிகமாய் வேண்டியிருக்கிறது. நமது நடவாளோ, அன்றுதான் டைக்ளோபினாக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்குகிறார். வயலில் ஒதுங்க மறைவில்லையே என்று தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுகிறார். வெயில், வறட்சி, மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேருகின்றன. சிறுநீரகம் வலித்துக் காட்டாது. பெரும்பாகம் கெட்டுப்போகும் வரையில் மௌனமாயிருக்கும். கால் வீங்கி, மூச்சு வாங்கி, சோறு பிடிக்காமல் வைத்தியரிடம் போகும்போது, "வாரத்திற்கு இரண்டு மூன்று தடவை இயந்திரத்தில் இரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம்" என்று சொல்லுவார்கள். ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் மாத்திரையில் மிச்சம் பிடித்த கூலி அங்கே போய்ச் சேருகிறது. சர்க்கரை வியாதி, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

இந்த மருந்து எவ்வளவு வல்லமையுள்ளது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறோம். செத்த மாட்டைத் தின்னும் பெரிய கழுகுகள் முன்பெல்லாம் நம் தேசத்தில் ஏராளமாய்ப் பறந்தன. 1990-களிலிருந்து அவை கொத்துக் கொத்தாய்ச் செத்து விழுந்தன. சிலர் கலிகாலம் என்றார்கள். விஞ்ஞானிகள் செத்த பறவையை அறுத்துப் பார்த்தார்கள். நோயுற்ற மாட்டுக்கு வலி தெரியாமலிருக்கப் போட்ட டைக்ளோபினாக் அந்த மாட்டின் மாமிசத்தில் தங்கியிருந்து, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றதென்று 2004-ல் உலகத்துக்கு வெளியிட்டார்கள். 2006-ல் இந்திய சர்க்கார் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தது. அதற்குள் வெள்ளை முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஒழிந்துவிட்டன. கழுகின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு; அதற்கு ஆகிறது அப்படியே நமக்கு ஆகிவிடாது என்பது உண்மைதான். என்றாலும், பெட்டிக்கடையில் மிட்டாய்க்குப் பக்கத்தில் தொங்கவேண்டிய வஸ்துவா இது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

மனிதர்களிடத்திலேயே இது நடந்திருக்கிறது. ஸ்வீடன் தேசத்தில் ஹுஸ்க்வார்னா என்று ஒரு தொழிற்சாலை ஊர். 1918-ல் உலகமெங்கும் விஷ ஜுரம் பரவினபோது அவ்வூர் வைத்தியர் ஒருவர் பினாசிட்டின் என்னும் வலி மருந்தையும் கபீனையும் சேர்த்து ஒரு பொடி தயாரித்துக் கொடுத்தார். ஜுரம் போய்விட்டது, பொடி போகவில்லை. தொழிற்சாலை ஆட்கள் ஜுரமில்லாமலேயே அதைச் சாப்பிட ஆரம்பித்தார்கள். பொடி சாப்பிட்டால் சோர்வில்லாமல் அதிக வேலை செய்யலாம் என்று நம்பினார்கள். காப்பி வேளையில் பொடி, விருந்தாளிக்குப் பொடி, பிறந்த நாளுக்குப் பரிசாகவும் பொடி! வருஷங்கள் சென்றபின் அந்த ஊரில் சிறுநீரகம் கெட்டுச் சாகிறவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு பேர் என்று வைத்தியர்கள் ஆராய்ந்தபோது காரணம் வெளியாயிற்று. ஆஸ்திரேலியாவில் வீட்டு வேலை செய்து அலுத்த பெண்களிடத்திலும் இதே மாதிரிப் பொடிப் பழக்கமும் இதே நாசமும் காணப்பட்டன. நம் நாட்டிலும் ஏ.பி.சி. மாத்திரை என்று ஒன்று இருந்தது. வயதான தோழர்களுக்கு ஞாபகமிருக்கலாம். அதிலுள்ள பி என்பது இந்தப் பினாசிட்டின்தான். 1983-ல் இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது.

இதில் கவனிக்கவேண்டியது, அந்த ஸ்வீடன் தேசத்தார் முட்டாள்களல்ல, சோம்பேறிகளுமல்ல. உழைப்பாளிகள். உழைப்பு தாங்கமுடியாதவிடத்தில் பொடி நுழைந்தது. நம் தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் பத்திரிகையாளர்கள் நம் மாகாணத்து ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் நூறு பெண்களைக் கண்டு பேசினார்கள். மாதவிடாய் வலி என்று சொன்னால், பெயரும் தேதியும் இல்லாத மாத்திரையை மேற்பார்வைக்காரர்கள் எடுத்துக்கொடுத்து மறுபடியும் இயந்திரத்தின் முன்னே உட்காரவைத்ததாக அப்பெண்கள் சொன்னார்கள். ஆராய்ந்ததில் அவை இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் என்று தெரிந்தது. அரை மணி ஓய்வு கொடுத்தால் உற்பத்தி குறையும். மாத்திரை கொடுத்தால் குறையாது. ஆகவே, அந்த மாத்திரை யாருடைய வலிக்காகக் கொடுக்கப்பட்டது என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இனி, கடையில் இவை எப்படி விற்கப்படுகின்றன என்பதைப் பார்ப்போம். 1940-ம் வருஷத்து மருந்துச் சட்டமும் 1945-ம் வருஷத்து விதிகளும் இருக்கின்றன. ஆயிரம் பேருக்கு மேற்படாத சிறு கிராமங்களில் ஆஸ்பிரின், பாரசிட்டமால் போன்ற சில வீட்டு மருந்துகளை லைசென்ஸ் இல்லாத கடையிலும் விற்கலாமென்று விதி இடம் கொடுக்கிறது. ஆனால் டைக்ளோபினாக் அப்படிப்பட்டதன்று. வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்பது சட்டம். நடப்பதோ வேறு. "உடம்பு வலி, ஒரு செட்டு கொடுங்கள்" என்கிறோம். கடைக்காரர் நாலு நிறத்தில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கிறார். ஒன்று வலிக்கு, ஒன்று வயிற்றுக்கு. மற்றவை எதற்கென்று அவரும் சொல்லுவதில்லை, நாமும் கேட்பதில்லை. சில சமயம் அதில் ஸ்டிராய்டு என்னும் மருந்தும் இருக்கிறது. அது வீக்கத்தையும் வலியையும் ஒரே நாளில் அமர்த்தி, "கைராசிக்காரர்" என்று கடைக்காரருக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கும். நாளாவட்டத்தில் எலும்பைப் பலவீனமாக்கும், சர்க்கரையை ஏற்றும், முகத்தை உப்ப வைக்கும். எருமை மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். கத்தரிக்காய் வாங்கினால் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு மட்டும் பெயர்கூடக் கேட்பதில்லை. பெயர் கேட்பது மரியாதைக் குறைவு என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

பாரசிட்டமால் மற்றவைகளைவிட வயிற்றுக்குச் சாதுவானது. ஆனாலும் அதற்கும் எல்லையுண்டு. வளர்ந்த மனிதர் ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்குமேல் எந்தக் காரணத்தாலும் போடக்கூடாது. குடிப்பழக்கமுள்ளவர்களுக்கும் மெலிந்தவர்களுக்கும் அதுவே அதிகம். மீறினால் ஈரல் கெடும். ஜலதோஷத்துக்கு ஒரு பெயரில், தலைவலிக்கு ஒரு பெயரில், ஜுரத்துக்கு ஒரு பெயரில் வாங்கிப் போடுகிறவர் மூன்றிலும் பாரசிட்டமாலே இருப்பதை அறிவதில்லை. அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் உள்ள பெயரை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக்கொண்டாவது படித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1998-ல், ஒரு தடவைக்கு இத்தனை மாத்திரைதான் விற்கலாமென்று சட்டம் செய்தார்கள். அதன்பின் இம்மருந்தால் சாகிறவர்கள் குறைந்தார்கள். கையில் கிடைப்பது குறைந்தால் கேடும் குறைகிறது என்பதற்கு இது பிரத்தியட்சமான சாட்சி.

நிற்க, இப்பழக்கத்தை விடுவது எப்படி என்பதுதான் முக்கியமான சங்கதி. "விட்டுவிடு" என்று சொல்லுவது மேடையில் இருப்பவனுக்குச் சுலபம். மண்டை பிளக்கும் அம்மாளுக்குச் சுலபமன்று. ஆகையால் விவரமாகவே சொல்லுகிறோம்.

முதலாவது கணக்கு. வீட்டில் தொங்கும் நாட்காட்டியில், மாத்திரை போட்ட நாளெல்லாம் ஒரு கோடு இழுத்து வாருங்கள். எத்தனை போட்டோம் என்பதைக் கோட்டின் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு மாதம் வரையில் வேறொன்றும் செய்யவேண்டாம். "எப்போதாவது ஒன்று" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு மாதக் கடைசியில் இருபது கோடு தெரியும். மனசு பொய் சொல்லும், கோடு சொல்லாது.

இரண்டாவது, என்ன மாத்திரை என்று தெரிந்துகொள்ளுவது. அட்டைகளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவ்வூரில் அரசு பெரியார் ஆஸ்பத்திரி இருக்கிறது; கிராமத்துக்குக் கிட்டே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. வைத்தியரிடம் உள்ளபடி சொல்லி, இரத்தக் கொதிப்பு பார்த்து, இரத்தத்தில் கிரியாட்டினின் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் செய்து தரும்படி கேளுங்கள். வெட்கப்படவேண்டிய காரியம் இதில் ஒன்றுமில்லை.

மூன்றாவது, நிறுத்துவது. பாரசிட்டமால், ஆஸ்பிரின், இபுபுரூபன் போன்ற சாதாரண மாத்திரையானால் ஒரு தேதி வைத்து ஒரேயடியாய் நிறுத்தலாம். நடவு நெருக்கத்தில் வைக்காமல், வேலை சற்று ஓய்ந்த வாரத்தில் வையுங்கள். காப்பி, டீயைத் திடீரென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறையுங்கள். நிறுத்தியபின் வலி அதிகமாகும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாததால்தான் அநேகர் மூன்றாம் நாள் தோற்றுப்போகிறார்கள். இரண்டு நாள் முதல் பத்து நாள் வரையில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை, சிடுசிடுப்பு எல்லாம் இருக்கும். அது பழைய வியாதி முற்றினதன் அடையாளமன்று. மூளை பழைய நிலைக்குத் திரும்புகிற சிரமம். பத்து நாள் போனால் படிப்படியாய்க் குறையும். முழுக் குணம் தெரிய இரண்டு மாதம்வரை ஆகலாம். வேண்டுமானால் தலைவலி வராமல் தடுக்கும் வேறு மருந்தை வைத்தியர் கொடுப்பார்.

நான்காவது, வீட்டார். அந்தப் பத்து நாளும் புருஷர்கள் அடுப்படிக்குப் போய்ச் சோறு வடிப்பதால் ஆண்மை குறைந்துவிடாது. குத்தாலத்து அம்மாளுக்கு அதைச் செய்தவர் அவருடைய மகன். ஏழாம் நாள் வரையில் அந்த அம்மாள், "ஒண்ணே ஒண்ணு குடுடா" என்று அழுதார். பத்தாம் நாள் எழுந்து முற்றம் பெருக்கினார். இப்போது அவருடைய நாட்காட்டியில் மாதத்திற்கு இரண்டு கோடுதான். இடுப்பு வலி போய்விடவில்லை. ஆனால் காலையில் மண்டையிடி இல்லை.

ஆனால் ஜாக்கிரதை. டிராமடால், டபென்டடால், கோடீன் போன்றவை அபின் வகையைச் சேர்ந்தவை. டிராமடாலை 2018-ல் போதை மருந்துச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இளைஞர்கள் போதைக்கென்று வாங்கிப் போலீஸ் வழக்கில் மாட்டுவது பெரும்பாலும் டபென்டடாலில்தான். இவ்வகையையும், நெடுநாள் சாப்பிட்ட ஸ்டிராய்டையும், தூக்க மாத்திரையையும் ஒரேயடியாய் நிறுத்தக்கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் கணக்குப்படி குறைக்கவேண்டும். போதைப் பழக்கத்தை விடுவதற்கு 14446 என்ற எண்ணிலும், பொதுவான வைத்திய யோசனைக்கு 104 என்ற எண்ணிலும் காசில்லாமல் பேசலாம்.

தோழர்கள் சில கேள்விச் சீட்டுகள் அனுப்பியிருக்கிறார்கள். அவற்றுக்குப் பதில் சொல்லுகிறோம்.

"இருதய வியாதிக்காக தினமும் சிறிய ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், அதையும் நிறுத்தவா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். நிறுத்தாதீர்கள். அது வைத்தியர் கொடுத்தது, வலிக்காகக் கொடுத்ததுமன்று. நம் பேச்சைக் கேட்டு அதை நிறுத்தினால் நாமும் அந்தக் கடைக்காரரும் ஒன்றாகிவிடுவோம்.

"இங்கிலீஷ் மாத்திரைக்குப் பதில் நாட்டுப் பொடி சாப்பிடலாமா?" என்பது இன்னொரு சீட்டு. நாட்டுச் சரக்கென்பதாலேயே நல்லதுமல்ல, அந்நியச் சரக்கென்பதாலேயே கெட்டதுமல்ல. பெயரில்லாத பொடி எதுவானாலும் தொடாதீர்கள். மூலிகை என்று விற்கப்படும் வலிப் பொடிகளில் ஸ்டிராய்டும் வலி மருந்தும் கலந்திருந்தது பரிசோதனையில் பல தடவை அகப்பட்டிருக்கிறது.

"எந்தத் தலைவலிக்கு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்?" என்று ஒரு அம்மாள் கேட்கிறார். திடீரென்று இடி விழுந்தாற்போல வருகிற வலி, ஜுரத்தோடு கழுத்து விறைப்பது, கை கால் விளங்காமல் போவது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது ஆகியவை கண்டால் மாத்திரையையும் தேடவேண்டாம், மந்திரிக்கவும் வேண்டாம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

கடைசிச் சீட்டுதான் பெரிய கேள்வி. "மாத்திரை போடாவிட்டால் வேலைக்குப் போகமுடியாது, வேலைக்குப் போகாவிட்டால் கூலியை நீங்களா கொடுப்பீர்கள்?" என்று கேட்டிருக்கிறார்கள். இதை எழுதின தாய்க்கு நமது வணக்கம். இந்தக் கேள்விக்கு நம்மிடம் மாத்திரைபோல ஒரு பதில் கிடையாது. தாங்கமுடியாத வலியுள்ள அன்று, சாப்பிட்டபின், தண்ணீர் நிறையக் குடித்து, ஒரு மாத்திரை போடுவதை நாம் குற்றமென்று சொல்லவில்லை. தினமும் போடுவதுதான் கேடு. அந்தத் தினத்தை மாற்றுவது உங்கள் ஒருவரால் மட்டும் ஆகிற காரியமன்று. நடவுக்குப் பேசும்போது கூலியை மட்டும் பேசுகிறீர்கள். மணிக்கொருதரம் நிமிர்ந்து உட்காரப் பத்து நிமிஷம், வரப்பில் ஒரு குடம் நல்ல தண்ணீர், ஒதுங்க ஒரு மறைப்பு, உச்சி வெயிலில் வேலையில்லை என்பவற்றையும் சேர்த்துப் பேசுங்கள். ஒருத்தி கேட்டால் நாளைக்கு வேறு ஆள் வருவாள். நடவுக் கூட்டமே கேட்டால் மிராசுதாரரானாலும் குத்தகைதாரரானாலும் கேட்டுத்தான் ஆகவேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் சர்க்கார் ஏற்படுத்திய திட்டத்தில் இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்க வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். இடுப்புக்கும் முழங்காலுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்களும் அதில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு வேலை வாங்குங்கள். அது பிச்சையல்ல, நம் வரிப்பணம்.

வயலுக்குச் சொந்தக்காரரான தோழர்களும் இங்கே இருக்கிறீர்கள். உழவு மாட்டுக்குக் கழுத்துப் புண்ணானால் நுகத்தடியில் பூட்டாமல் நாலு நாள் கட்டிவைத்தது நம் ஊர் வழக்கம். இயந்திரம் சூடேறினால் நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். மனுஷிக்கு மட்டும் மாத்திரையா?

ஆகவே தோழர்களே! நாளைக் காலையில் வீட்டு நாட்காட்டியில் முதல் கோட்டை இழுத்து ஆரம்பியுங்கள். கடையில் பெயரில்லாத மாத்திரையைக் கொடுத்தால், "இதன் பெயர் என்ன? இது எதற்கு?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். வலி வரும்போது, "எதைப் போடலாம்" என்று கேட்பதற்கு முன், "ஏன் வலிக்கிறது" என்று ஒரு தடவை கேளுங்கள். எதையும் ஏன் என்று கேட்கப் பழகின நாம், நம் சொந்த உடம்பைப் பற்றி மட்டும் கேட்காமலிருப்பது நியாயமாகாது.